முதல்ல நோட்டீஸ், அப்புறம் மண்டபம்: ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல கல்யாணம் பண்ணப் போறவங்களுக்கு

மண்டபம் புக் பண்ணி, பத்திரிகை அடிக்கக் குடுத்து, புடவைக்கு பிளவுஸ் தைக்கக் குடுத்து எல்லாம் முடிச்சிட்டு, இனி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்துதானேன்னு நானும் அவரும் ஒரு திங்கக்கிழமை லீவு போட்டுப் போனோம். கல்யாணத்துக்கு இன்னும் 25 நாள். சீட்ல இருந்த அம்மா நிமிர்ந்துகூட பாக்காம "கல்யாணம் என்னைக்கு?"ன்னு கேட்டாங்க, தேதிய சொன்னேன், "அப்போ அந்தத் தேதிக்கு ஆகாதும்மா, நோட்டீஸ் போட்டு முப்பது நாள் தாண்டணும்"னு சொல்லிட்டு அடுத்த ஆளோட பத்திரத்தை வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. நோட்டீஸ்னா, நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணப் போறோம்னு முன்கூட்டியே ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறது, அதை அவங்க போர்டுல ஒட்டுவாங்க. மண்டபத்துக்கு குடுத்த 40,000 அட்வான்ஸ் அன்னைக்கே போச்சு.

நான் ஹிந்து, அவர் கிறிஸ்டியன். ரெண்டு பேரும் மதம் மாறப் போறதில்லைன்னு முதல்லயே பேசி வெச்சிருந்தோம். வேலை சென்னைல, சொந்த ஊர் ஆளுக்கு ஒரு மாவட்டம். எங்கள மாதிரி இருக்கறவங்க தமிழ்நாட்டுல சட்டப்படி கல்யாணம் பண்ண என்ன செய்யணும்ங்கறதைத்தான் எழுதறேன், நான் முட்டிக்கிட்ட இடத்துல நீங்க முட்டிக்கக் கூடாது.

1. ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் உங்களுக்குத் தேவையா?

பாதி பேருக்கு தேவையே இல்ல. ரெண்டு பேரும் ஹிந்துன்னா (ஹிந்து திருமணச் சட்டக் கணக்குல பௌத்தம், சமணம், சீக்கியம் எல்லாம் இதுல அடக்கம்) ஜாதி வேற வேறயா இருந்தாலும் 1955 ஹிந்து திருமணச் சட்டம் போதும். கோயில்லயோ மண்டபத்துலயோ கல்யாணம் பண்ணுங்க, அப்புறம் போய் ரிஜிஸ்டர் பண்ணுங்க, 30 நாள் நோட்டீஸ் எதுவும் கிடையாது. ஐயர் வேண்டாம், சடங்கு வேண்டாம்னா அதுக்கும் அதே சட்டத்துல தமிழ்நாட்டுக்குன்னு 7ஏ பிரிவு இருக்கு, சொந்தக்காரங்க இல்ல நண்பர்கள் முன்னாடி மாலை மாத்திக்கிட்டா, மோதிரம் போட்டா, இல்ல தாலி கட்டினா போதும், அதான் சுயமரியாதைக் கல்யாணம்.

ரெண்டு பேரும் வேற வேற மதம், யாரும் மாற விரும்பல, இல்ல ஒருத்தர் வெளிநாட்டுக்காரர், அப்போதான் 1954 ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்.

இங்க ஒரு பொறி இருக்கு. வெளிநாட்டு விசாவுக்கு ஸ்பெஷல் மேரேஜ் சர்டிபிகேட்னாதான் வெயிட்டுன்னு யாரோ சொல்றதைக் கேட்டு, அத்தை பையனைக் கட்டிக்கப் போற பொண்ணுங்ககூட இதுல அப்ளை பண்ணப் போறாங்க. இந்தச் சட்டத்துல கட்டக்கூடாத உறவுன்னு ஒரு பெரிய லிஸ்ட் இருக்கு, அதுல மாமன் பொண்ணு, அத்தை பையன் எல்லாம் வருது! நம்ம ஊர்ல முறைப்பொண்ணுன்னு உரிமையா சொல்ற உறவு அங்க தடை. வழக்கம்னு சொல்லி விதிவிலக்கு கேக்கலாம்தான், ஆனா அது அரசு கெசட்ல அறிவிச்ச வழக்கமா இருக்கணும். ரெண்டு பேரும் ஹிந்துன்னா பேசாம ஹிந்து சட்டத்துலயே போங்க.

2. காலண்டரை எடுத்து பின்னாடி இருந்து எண்ணுங்க

இதை ரெண்டு தடவை படிங்க, எங்க காசு போனது இங்கதான்.

இந்தச் சட்டத்துல மூணு கணக்கு ஒண்ணு மேல ஒண்ணா ஓடுது. நோட்டீஸ் குடுக்கற நாளுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த ஆபீஸ் இருக்கற மாவட்டத்துல தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்கணும், அது முதல் கணக்கு. நோட்டீஸை வெளியிட்ட நாள்ல இருந்து 30 நாள் முடியணும், அது ரெண்டாவது. நோட்டீஸ் குடுத்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் நடக்கணும், இல்லேன்னா நோட்டீஸ் காலாவதி, மறுபடி முதல்ல இருந்து, அது மூணாவது.

ரெண்டாவதும் மூணாவதும் ஒரே நாள்ல ஆரம்பிக்காதுங்கறதை கவனிங்க. நீங்க திங்கக்கிழமை குடுத்து அவங்க வியாழக்கிழமை போர்டுல ஒட்டினா 30 நாள் வியாழன்ல இருந்து ஓடும், மூணு மாசம் திங்கள்ல இருந்தே ஓட ஆரம்பிச்சிருக்கும். உதாரணத்துக்கு ஜனவரி 5 குடுத்து 8ஆம் தேதி ஒட்டினாங்கன்னு வைங்க, பிப்ரவரி 7 வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது, ஏப்ரல் 5க்குள்ள முடிச்சாகணும். கையில கிடைக்கறது மொத்தமே ரெண்டு மாசத்துக்கும் கம்மி. அதனால நான் சொல்றது, மனசுல இருக்கற தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுத்துடுங்க. ரொம்ப உஷாரா நாலு மாசம் முன்னாடியே குடுத்தாலும் வேலைக்காகாது, தேதி வர்றதுக்குள்ள செத்துப்போகும்.

இன்னொண்ணு, முகூர்த்தம் ஞாயித்துக்கிழமைல வரும், ஆபீஸ் ஞாயித்துக்கிழமை இருக்காது. நாங்க ரெண்டாவது தடவை உஷாராகி வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல முடிச்சிட்டு ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன் வெச்சோம்.

சரி, மண்டபம் புக் ஆயிடுச்சு, அன்னைக்கு தாலி கட்டிடலாம், ரிஜிஸ்டர் பின்னாடி பாத்துக்கலாம்னு வீட்ல சொல்வாங்க, எங்க அம்மாவும் சொன்னாங்க. நோட்டீஸ்ல நீங்க கல்யாணம் ஆகாதவர்னு எழுதிக் குடுக்கறீங்க. நடுவுல தாலி கட்டிக்கிட்டா அது பொய்யாயிடுது, அதுக்கப்புறம் 15ஆம் பிரிவுல, ஏற்கனவே நடந்த கல்யாணத்தைப் பதியறதா வேற மாதிரி அப்ளை பண்ணணும். அதுலயும் 30 நாள் நோட்டீஸ் உண்டு, அதோட ரெண்டு பேருக்குமே 21 முடிஞ்சிருக்கணும். நேரடியா கல்யாணம் பண்ணும்போது பையனுக்கு 21, பொண்ணுக்கு 18 போதும், பதியறதுக்கு மட்டும் பொண்ணுக்கும் 21. இது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. எதுக்கு இந்த வம்பு, சட்டக் கல்யாணம் முதல்ல, சடங்கெல்லாம் அதுக்கு அப்புறம்.

3. எந்த ஆபீஸ்?

நிலம் ரிஜிஸ்டர் பண்ற அதே சார்பதிவாளர் ஆபீஸ்தான். உங்க வீடு எந்த சார்பதிவாளர் எல்லைல வருதுன்னு பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் சைட்லயே தேடிப் பாக்கலாம். பக்கத்துல இருக்கற ஆபீஸ் உங்களோடதுன்னு நெனச்சுடாதீங்க, எங்க வீட்ல இருந்து நடக்கற தூரத்துல ஒண்ணு இருக்கு, எங்களுக்கு வந்ததோ பஸ் மாறிப் போற தூரத்துல.

மாவட்டம் எதைத் தேர்ந்தெடுக்கறதுன்னு யோசிங்க, சென்னையா சொந்த ஊரான்னு. காரணம் அஞ்சாவதுல சொல்றேன்.

4. பேப்பருங்க

ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஒரு ஃபைல் போடுங்க. வயசுக்கு பிறப்புச் சான்றிதழ், இல்ல பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட், இல்ல பாஸ்போர்ட். அட்ரசுக்கு ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் மாதிரி. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு டஜன் எடுத்து வைங்க, எப்பவுமே ஒண்ணு குறையும். ஏற்கனவே விவாகரத்து ஆனவங்கன்னா கோர்ட் தீர்ப்போட சர்டிஃபைட் காப்பி, அதுமேல அப்பீல் போற காலமும் முடிஞ்சிருக்கணும். துணையை இழந்தவங்கன்னா இறப்புச் சான்றிதழ். வெளிநாட்டுக்காரர்னா அவர் கல்யாணம் ஆகாதவர்னு அவங்க நாட்டுத் தூதரகத்துல வாங்கற சான்று கேப்பாங்க, அதுக்கு எத்தனை வாரம் ஆகும்னு முதல்ல விசாரிச்சிட்டு தேதிய யோசிங்க.

இதெல்லாம் லிஸ்ட் பாத்து சேத்துடலாம். கழுத்தறுக்கறது பேருதான்.

நமக்கு சர்நேம்னு ஒண்ணு கிடையாது, ஆனா ஒவ்வொரு ஆபீஸ்காரனும் ஒண்ணை உருவாக்கி வெச்சிருப்பான். என் மார்க்‌ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா சர்நேமா உக்காந்திருக்கு. அவருக்கு இன்னும் கூத்து, ஞானஸ்நானப் பேரு ஒண்ணு பாஸ்போர்ட்ல இருக்கு, ஸ்கூல் சர்டிபிகேட்ல இல்ல. எங்க பேப்பரைப் பாத்தவர் எல்லாத்தையும் மேஜைல வரிசையா அடுக்கி வெச்சு, பேனாவால ஒவ்வொண்ணையும் தட்டி, "இதுல யாரும்மா நீங்க?"ன்னு கேட்டார். சிரிக்கறதா அழறதான்னு தெரியல, அன்னைக்கும் திரும்பி வந்தோம்.

அதனால எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுத்து எழுத்தா பாருங்க, உங்க அப்பா அம்மா பேரையும் சேத்து. ஒரு எழுத்து, ஒரு புள்ளி மாறினாலும் குறிச்சு வைங்க. ஆதார்ல திருத்தணும்னா இப்பவே திருத்தக் குடுங்க. திருத்த முடியாத பழசுக்கு, இந்த ரெண்டு விதமான பேரும் ஒரே ஆளோடதுதான்னு நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட். என்ன மதிப்புல முத்திரைத்தாள் வேணும், என்ன வாசகம் வேணும்னு ஆபீஸ்ல கேட்டுட்டு எழுதுங்க, நாங்க நம்மளா எழுதிட்டுப் போனதை ஏத்துக்கல, ரெண்டாவது தடவை எழுதினோம்.

அட்ரசும் அப்படித்தான். சென்னைல எட்டு வருஷமா இருந்தாலும் ஆதார்ல ஊர் அட்ரஸ்தான் இருக்கும் நம்மள்ல பாதி பேருக்கு. வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், பேங்க் பாஸ்புக், எது எது உங்க பேர்ல இந்த வீட்டு அட்ரசோட இருக்கோ எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. ரூம்மேட் பேர்ல அக்ரிமெண்ட் இருந்தா அதை வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது, இன்னைக்கே ஓனர்கிட்ட பேசுங்க.

5. நோட்டீஸ் குடுக்கற நாள், அப்புறம் அந்த போர்டு

டிஎன்ரெஜிநெட்ல லாகின் உருவாக்கி விவரமெல்லாம் டைப் பண்ணி, கட்டணம் கட்டி, பிரிண்ட் எடுத்துட்டு ரெண்டு பேரும் ஒரிஜினலோட நேர்ல போகணும். ஆன்லைன்ல அனுப்பின நாள்ல இருந்து 30 நாள்னு நாங்க எண்ணிட்டு இருந்தோம், அவங்க ஆபீஸ்ல பாத்து ஏத்துக்கிட்டு போர்டுல ஒட்டின நாள்லதான் எங்களுக்குக் கணக்கு ஆரம்பிச்சுது. முகூர்த்த நாள்ல மட்டும் போகாதீங்க, பத்திரம் பதியற கூட்டம் வாசல் வரைக்கும் நிக்கும், உங்க ஃபைலை யாரும் தொட மாட்டாங்க. ஏத்துக்கிட்ட தேதி போட்டு ஒரு காப்பியோ ரசீதோ வாங்காம வெளிய வராதீங்க. போர்டுல என்னைக்கு ஒட்டினாங்கன்னும் கேட்டு எழுதி வெச்சுக்கங்க.

இப்போ போர்டு விஷயம். நோட்டீஸ் ஆபீஸ்ல எல்லார் கண்ணுலயும் படற இடத்துல ஒட்டப்படும். நோட்டீஸ் புத்தகத்தை யார் வேணாலும் காசில்லாம கேட்டுப் பாக்கலாம். அதோட முடியல, உங்கள்ல யாரோட நிரந்தர அட்ரஸ் வேற மாவட்டமோ அந்த மாவட்ட ஆபீசுக்கும் ஒரு காப்பி போகும், அங்கயும் ஒட்டுவாங்க. நம்ம ஊர் சார்பதிவாளர் ஆபீஸ்னா எப்படின்னு தெரியும்ல, வில்லங்கம் போட, பத்திரம் எழுத, பாகப்பிரிவினை பண்ணன்னு ஊர்ல பாதிப் பேர் அங்கதான் உக்காந்திருப்பாங்க, டோக்கன் வர்ற வரைக்கும் செவுத்துல இருக்கறதை எல்லாம் படிப்பாங்க. எங்க பெரியப்பாவுக்கு விஷயம் அப்படித்தான் போச்சு, அவர் தோட்டத்துக்கு வில்லங்கம் எடுக்கப் போனவர். எங்க வீட்ல முன்னாடியே தெரியும்ங்கறதால ரெண்டு நாள் சண்டையோட முடிஞ்சுது.

வீட்ல இன்னும் சொல்லாதவங்க இதை நல்லா யோசிச்சுக்கங்க. ரகசியமா முடிக்கற வழி இந்தச் சட்டத்துல கிடையாது. வீட்டுக்கு தபால் அனுப்பணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல, ஆனா போர்டு உண்டு. மிரட்டல், பூட்டி வைக்கறது மாதிரி பயம் இருந்தா நோட்டீஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு வக்கீலைப் பாத்துப் பேசுங்க, எஸ்பி ஆபீஸ்லயோ கமிஷனர் ஆபீஸ்லயோ எழுத்துல மனு குடுத்து ரசீது வாங்குங்க. பெண்களுக்கு 181 எப்பவும் இருக்கு.

6. அந்த 30 நாள்ல யாராவது ஆட்சேபம் சொன்னா?

பயப்படற அளவுக்கு இல்ல. ஆட்சேபம் நாலு விஷயத்துல மட்டும்தான் செல்லும்: ஏற்கனவே கணவனோ மனைவியோ உயிரோட இருக்கறது, சம்மதம் குடுக்கற மனநிலை இல்லாதது, வயசு பத்தாதது, தடை பண்ணின உறவு. எங்களுக்குப் பிடிக்கல, ஜாதி வேற, மதம் வேற, எங்ககிட்ட கேக்கல, இதெல்லாம் ஆட்சேபமே இல்ல. யாராவது எழுதிக் குடுத்தா அதிகாரி 30 நாளுக்குள்ள விசாரிச்சு முடிவு சொல்லணும். ஆட்சேபத்தை ஏத்துக்கிட்டு உங்க கல்யாணத்தை மறுத்தா, அந்த முடிவு வந்த 30 நாளுக்குள்ள மாவட்ட கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். வேணும்னே பொய்யா ஆட்சேபம் சொன்னவருக்கு 1,000 ரூபா வரைக்கும் செலவுத்தொகை போடலாம்னு சட்டத்துல இருக்கு. 1954ல அது பெரிய காசா இருந்திருக்கும், இன்னைக்கு ஒரு பிரியாணி பார்ட்டிக்குக்கூட பத்தாது.

இந்த நேரத்துலதான் புரோக்கருங்க வருவாங்க. ஆபீஸ் வாசல்லயே ஒருத்தர் எங்ககிட்ட 15,000 குடுங்க, ஒரே நாள்ல முடிச்சுத் தரேன்னார். எப்படின்னு கேட்டா, அவர் ஒரு மதமாற்ற சான்று ரெடி பண்ணுவாராம், ஒரு கோயில்ல போட்டோ எடுப்பாராம், ஹிந்து சட்டத்துல பதிஞ்சுடலாமாம். நடக்காத மதமாற்றம், நடக்காத சடங்கு, இதை வெச்சு வாங்கற சர்டிபிகேட் நாளைக்கு விசாவுலயோ சொத்துலயோ ஒருத்தர் தோண்டினா உதிர்ந்துடும். அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்துட்டோம்.

7. கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சொத்து விஷயம்

ஹிந்து ஒருத்தர் வேற மதத்தவரை இந்தச் சட்டத்துல கட்டினா, கூட்டுக் குடும்பத்துல இருந்து அவர் பிரிஞ்சதாதான் சட்டம் எடுத்துக்கும். உங்களுக்கு அப்புறம் உங்க சொத்து யாருக்குங்கறதும் 1925 இந்திய வாரிசுச் சட்டப்படி போகும். ரெண்டு பேரும் ஹிந்துவா இருந்தா இது பொருந்தாது. பூர்வீக சொத்து இருக்கறவங்க ஒரு வக்கீல்கிட்ட அரை மணி நேரம் உக்காந்து கேட்டுக்கங்க.

8. அந்த நாள்

சாட்சி மூணு பேர், மூணு பேருக்கும் ஒரிஜினல் அடையாள அட்டை வேணும். நாலாவதா ஒருத்தரை ஸ்டெப்னி மாதிரி கூட்டிட்டுப் போங்க. எங்க சாட்சில ஒருத்தன் போன்ல ஆதாரைக் காட்டினான், ஒரிஜினல் வேணும்னுட்டாங்க, நாலாவது ஆள் இருந்ததால தப்பிச்சோம். முதல் நாளே போய் நேரத்தை உறுதி பண்ணிக்கங்க, சர்வர் படுத்துட்டா பாதி நாள் போயிடும், அதனால சாயங்காலம் விருந்துன்னு எதையும் அன்னைக்கு வைக்காதீங்க. நியாயமான தூரத்துல இருக்கற வேற இடத்துல வெச்சும் கல்யாணத்தை நடத்தலாம்னு சட்டம் சொல்லுது, அதுக்குத் தனிக் கட்டணம், வேணும்னா நோட்டீஸ் குடுக்கும்போதே கேட்டு வைங்க.

நீங்க ரெண்டு பேரும் சாட்சிங்களும் ஒரு உறுதிமொழில கையெழுத்துப் போட்டதும், ஒருத்தருக்கொருத்தர் வாயால சொல்லணும், உங்களை என் சட்டப்படியான மனைவியா, கணவரா ஏத்துக்கறேன்னு. இது சும்மா இல்ல, இதைச் சொன்னாதான் கல்யாணம். உங்களுக்குப் புரியற எந்த மொழியிலயும் சொல்லலாம், நாங்க தமிழ்ல சொன்னோம். பின்னாடி யாரோ கிரயப் பத்திரத்துக்கு ரேகை வெச்சிட்டு இருந்தாங்க, ஃபேன் கடகடன்னு ஓடுது, அவருக்குப் பாதில தொண்டை அடைச்சுடுச்சு. சார்பதிவாளர் தண்ணி பாட்டிலை நகர்த்தி வெச்சு, "மெதுவா சொல்லுங்க சார், நாங்க எங்கயும் போயிடல"ன்னார். அந்த ஆபீஸ்ல நான் கேட்ட முதல் அன்பான வார்த்தை அதான்.

9. செலவு

அரசுக் கட்டணம் பெருசா ஒண்ணும் வராது, அப்ளிகேஷன்லயே தொகை காட்டும், ரசீது வரும். ரசீதுல இல்லாத எதுவும் கட்டணம் இல்ல. எங்களுக்கு நோட்டரி, முத்திரைத்தாள், ஜெராக்ஸ், போட்டோ, போக்குவரத்து எல்லாம் சேத்து 3,000 கிட்ட ஆச்சு, அதுல பாதி ஆட்டோ. ஆளுக்கு அஞ்சு நாள் லீவு போச்சு, பேரு பிரச்சனை இல்லேன்னா ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்கும். அந்த 40,000 தனி.

10. சர்டிபிகேட்

புத்தகத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி, அட்ரஸ் எல்லாத்தையும் விரல் வெச்சுப் படிங்க. பின்னாடி நிக்கறவங்க அவசரப்படுத்தினாலும் படிங்க. சர்டிஃபைட் காப்பி ரெண்டு மூணு சேத்தே வாங்கிடுங்க, பேங்க், பாஸ்போர்ட், இன்சூரன்ஸ்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. எங்களோடதுல அவர் ஊர் பேர்ல ஒரு கால் விட்டுப்போயிருந்துச்சு, கையெழுத்துக்கு முன்னாடி நான் பாத்துட்டேன், அங்கயே அஞ்சு நிமிஷத்துல திருத்திக் குடுத்துட்டாங்க.